ஒரே ஒலி, பல பொருள்: 'மா'



மஃரிபுக்குப் பிறகு ஓத உட்காரும் பிள்ளை, "உம்மா, காஃபிரூன் சூராவில் 'மா' 'மா' என்று வருகிறதே, அது மாமரமா, இடியாப்ப மாவா?" என்று கேட்டால் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல கேள்வி அது.

முதலில் தமிழைப் பார்ப்போம். மா என்றால் மாமரம், அரிசி மா, மாநகரம் என்பதில் பெரியது, அரிமா என்பதில் விலங்கு. பழைய கணக்கில் மா என்பது 20-இல் ஒரு பங்கு; நிலக் கணக்கில் 20 மா ஒரு வேலி. நம் மொழிக்குள்ளேயே இத்தனை பொருள்கள். எது பொருந்தும் என்பதை வாக்கியம்தான் சொல்கிறது.

அரபியிலும் அப்படியே. காஃபிரூன் சூராவில் மா என்பது 'எதை' என்ற பொருளில் வருகிறது. நாம் அன்றாடம் சொல்லும் மாஷா அல்லாஹ்வில் உள்ளதும் அதுவே: அல்லாஹ் நாடியது எதுவோ அது. அல்காரிஆ சூராவின் இரண்டாம் ஆயத்தில் அதே மா 'என்ன?' என்று கேட்கிறது. அள்ளுஹா சூராவின் மூன்றாம் ஆயத்திலோ அது 'இல்லை' என்று மறுக்கிறது. இறைவன் கைவிடவில்லை என்ற ஆறுதல் முழுவதும் அந்த ஒரு மாவில் இருக்கிறது. அதை 'என்ன' என்று எடுத்துக்கொண்டால் அந்த ஆறுதலே போய்விடும்.

அரபியில் தண்ணீருக்குரிய சொல்லும் நம் காதுக்கு மா போலவே கேட்கும். ஆனால் அதன் முடிவில் ஹம்ஸா உண்டு. நீட்டி, தொண்டையில் நிறுத்த வேண்டும். தமிழ் எழுத்தில் அச்சிட்ட கிதாபில் இந்த வேறுபாடு தெரியாது. அதைப் பார்த்து மட்டும் ஓதுபவர்கள் ஒருமுறையாவது ஹஜ்ரத்திடம் ஓதிக்காட்டித் திருத்திக்கொள்வது அவசியம்.

இனி சீன மொழி. அங்கே குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றும். உயர்ந்த சமக்குரலில் மா என்றால் அம்மா. குரல் ஏறினால் சணல். இறங்கி ஏறினால் குதிரை. சட்டென இறங்கினால் திட்டுதல். அம்மாவை அழைக்க நினைத்துக் குதிரையை அழைத்துவிடலாம்! சீன முஸ்லிம்களிடையே மா என்பது மிகப் பரவலான குடும்பப் பெயர். எழுதுவது குதிரைக்குரிய எழுத்தால். 15-ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் பெரும் கப்பற்படை நடத்திய செங் ஹ, யுன்னானில் மா குடும்பத்தில் பிறந்த முஸ்லிம். அவர் 1409-ஆம் ஆண்டு தேதியிட்டு இலங்கையில் வைத்த கல்வெட்டு காலியில் 1911-இல் கிடைத்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். அவரவருக்கு அவரவர் மொழியில் சொன்னால்தான் விளங்கும் என்பதை அந்தக் கல்லே காட்டுகிறது.

சங்கத் தமிழில் மா குதிரையையும் குறிக்கும், சீனத்திலும் குதிரை. உடனே இரு மொழிகளும் உறவு என்று முடிவு கட்டக் கூடாது. மனித வாயில் பிறக்கும் ஒலிகள் கொஞ்சம். சொல்ல வேண்டிய பொருள்களோ ஏராளம். குறுஞ்சொற்கள் தற்செயலாக ஒத்துப்போவது இயல்பு. உருதுவிலும் சீனத்திலும் மா என்று தாயை அழைப்பதற்குக் காரணம், உதடு மூடித் திறக்கும் இந்த ஒலி குழந்தைக்கு எளிது என்பதே. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தகப்பனார்!

ஆகவே, வேற்று மொழிக்காரர் பேச்சில் நம் காதுக்கு வேடிக்கையாகவோ தவறாகவோ ஒரு சொல் விழுந்தால், சிரிப்பதற்கும் கோபப்படுவதற்கும் முன் "உங்கள் மொழியில் இதற்கு என்ன பொருள்?" என்று கேளுங்கள். பல மனத்தாங்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

வீட்டுப் பயிற்சி: பிள்ளைகள் மனனம் செய்த சிறிய சூராக்களில் மா வரும் ஒரு மூன்று இடங்களைக் கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொன்றும் 'எது', 'என்ன', 'இல்லை' என்பதில் எந்தப் பொருள் என்று ஹஜ்ரத்திடம் கேட்டு எழுதி வரட்டும். பெற்றோரும் கூடவே உட்காருங்கள்.