தொழில் பாடம்: கைமாறிய கடைகள், கைவிடாத தொழில்



"டிபன் கடை போடணும், கடன் கொடுங்க" என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். நல்ல விஷயம்தான். கடன் மனு எழுதும் முன் ஒரு கடைக்காரரின் கதையைப் படிப்போம்.

அமெரிக்காவைச் சேர்ந்த கிளென் பெல், இரண்டாம் உலகப் போரில் படையில் சமையல் வேலை பார்த்தவர். 1948ல் கலிபோர்னியா மாநிலத்தின் சான் பெர்னார்டினோ ஊரில் சின்னதாக ஒரு கடை போட்டார். அதே ஊரில்தான் மெக்டொனால்டு சகோதரர்களின் பர்கர் கடையும் இருந்தது. பெல்லும் பர்கர் போட்டார். ஒரே ஊரில் ஒரே சரக்கு என்றால் எப்படித் தனியாகத் தெரிவது?

அவர் கடைக்கு எதிரே மித்லா கஃபே என்ற மெக்சிகோ உணவகம். 1937ல் லூசியா ரோட்ரிக்ஸ் என்ற பெண் தொடங்கியது. அங்கே டாகோவுக்கு நல்ல கூட்டம். டாகோ என்றால் மக்காச்சோள மாவு ரொட்டியை மடித்து உள்ளே கறி, காய் வைப்பது. பெல் அங்கே சாப்பிட்டுப் பழகி, செய்முறையைக் கற்றுக்கொண்டார். ஒவ்வொன்றாகப் பொரித்தால் நேரமாகும் என்று, பல ரொட்டிகளைச் சேர்த்துப் பொரிக்கக் கம்பிக்கூடை செய்துகொண்டார். ஒரு டாகோ 19 சென்ட்.

பிறகு கூட்டாளிகளோடு 'டாகோ தியா' என்று மூன்று கடைகள். அவை கைமாறின. 'எல் டாகோ' என்று நான்கு கடைகள். அதையும் கூட்டாளியிடமே விற்றார். 1962ல் டவுனி ஊரில் தன் பெயரிலேயே 'டாகோ பெல்' தொடங்கினார். 1978ல் பெப்சிகோ நிறுவனத்திடம் விற்றபோது 868 கடைகள் இருந்தன.

இதில் நமக்கு என்ன பாடம்?

• பக்கத்துக் கடை விற்பதையே விற்காமல், ஊரில் எது கிடைக்கவில்லை என்று பாருங்கள்.
• கூட்டம் வரும் நேரத்துக்கு முன்பே பாதி வேலையை முடித்து வையுங்கள்.
• கூட்டாகத் தொழில் செய்தால், யாருக்கு எவ்வளவு பங்கு, விலகினால் என்ன கணக்கு என்று முதல் நாளே தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "நம்ம அக்காதானே" என்று விட்டுவிட்டால் பின்னால் பணமும் போகும், உறவும் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது சகோதரிகளே. கைப்பக்குவம் எதிர்க்கடையுடையது, பேரும் பணமும் பெல்லுக்கு. உங்கள் கைமணம் உங்கள் சொத்து. அதை அளவோடு எழுதி வைத்து, குழுவின் பெயரிலேயே விற்கப் பாருங்கள்.

கூட்டத்தில் பேச: நம் ஊரில் யாருடைய கைப்பக்குவத்தில் வேறு யாரோ சம்பாதிக்கிறார்கள்?