போர்முனைச் சேவையும் ரிசர்வுச் சேவையும்

1914 முதல் 1918 வரையும், 1939 முதல் 1945 வரையும் நடந்த இரு மகா யுத்தங்களிலும் இந்தியரைக் கட்டாயமாகப் பட்டாளத்திற் சேர்க்கும் சட்டம் இங்கே ஏற்படவில்லை. இங்கிலாந்தில் 1916-ஆம் ஆண்டிலேயே அத்தகைய சட்டம் வந்துவிட்டது. இந்தியாவிலோ இரண்டாம் யுத்தத்தில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் தாமாகப் பெயர் கொடுத்துச் சேர்ந்தனர். முதல் யுத்தத்தின் பிற்பகுதியில் பஞ்சாபின் சில ஜில்லாக்களில் ஊருக்கு இத்தனை பேர் என்று அதிகாரிகள் நெருக்கியதுண்டு. அது நெருக்கடியேயன்றிச் சட்டமன்று. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில், ஒருவன் நேரே போர்முனைக்குப் போவதும், ஊரோடிருந்து அழைத்தால் வருவதாகப் பெயர் கொடுத்து வைப்பதும் அவனுடைய தெரிவாகிறது. அத்தெரிவு எதனால் நேர்கிறதென்பதை ஐக்கிய நாணயச் சங்கத்தின் அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம். பட்டாளத்துக்குப் போகிறவன் போய்விடுகிறான். அவன் எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் சங்கத்தின் பெட்டியிலேயே இருக்கிறது.

ரிசர்வு என்னும் சொல் இரண்டு வேறு ஏற்பாடுகளைக் குறித்து வழங்கியது. முதலாவது, சில ஆண்டுகள் நிரந்தரப் படையில் இருந்து ஊர் திரும்பிய சிப்பாயைச் சிறு மாதப்படியுடன் பட்டியலில் வைத்திருந்து, யுத்தம் மூண்டால் திரும்ப அழைப்பது. 1914-லும் 1939-லும் இப்படி அழைக்கப்பட்டோர் உண்டு. இவர்கள் புதிதாகத் தெரிந்தெடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. கையெழுத்து முன்னமே போட்டாயிற்று.

இரண்டாவது, தன் தொழிலை விடாமல் ஆண்டுக்குச் சில வாரம் மட்டும் பயிற்சி பெறும் பகுதிநேரச் சேவை. இதற்கு 1920-ஆம் ஆண்டில் இரண்டு சட்டங்கள் ஏற்பட்டன. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஆக்ஸிலியரிப் படை. இந்தியருக்கு டெரிடோரியல் படை. தென்னிந்தியத் தோட்டத் துரைமார் பலர் சேர்ந்திருந்த ‘சதர்ன் பிராவின்ஸஸ் மவுண்டட் ரைபிள்ஸ்’ என்னும் குதிரைப்படை முற்கூறிய வகையைச் சேர்ந்தது. ஆக்ஸிலியரிப் படையினரின் கடமை தங்கள் வட்டாரத்தைக் காப்பதோடு நின்றது. டெரிடோரியல் படையிற் சேர்ந்த இந்தியனோ அவசரம் நேர்ந்தபோது பொதுச் சேவைக்கு அனுப்பப்படத் தக்கவன். பெயரளவில் இரண்டும் ஊரோடிருக்கும் சேவையே. பொறுப்பில் இரண்டும் ஒன்றல்ல. இவ்வேற்றுமையைக் குறித்து அக்காலத்திலேயே ஆட்சேபம் எழுந்தது; அது நியாயமான ஆட்சேபமே.

இதன் விளைவைச் சென்னைப் பட்டாளத்தின் வரலாற்றிற் காணலாம். 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனையின் தளபதியாயிருந்து பின்னர் இந்தியச் சேனை முழுவதற்கும் தளபதியான லார்டு ராபர்ட்ஸ், தென்னாட்டான் சண்டைக்கு ஏற்றவனல்லன் என்று கருதினார். அக்கருத்துச் சர்க்காரிடம் வேரூன்றியது. தென்னாட்டார் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைக்கப்பட்டு, 1923-க்கும் 1928-க்கும் இடையில் சிக்கனத்தை முன்னிட்டு மூன்றாவது சென்னை ரெஜிமெண்டின் நிரந்தரப் பட்டாளங்கள் யாவும் கலைக்கப்பட்டன. ரெஜிமெண்டின் பெயர் டெரிடோரியல் பட்டாளங்களில் மட்டும் தங்கியது. பின்பு இரண்டாம் யுத்தம் வந்தபோது, அந்த டெரிடோரியல் பட்டாளங்களே நிரந்தரப் படையாக மாற்றப்பட்டன. முதற் பட்டாளம் பர்மாவிற் போரிட்டது. ஆண்டுக்கொரு முறை முகாமுக்குப் போய்வந்து, சம்பளமும் சட்டையும் பெற்று, அறுவடைக்கு ஊர் திரும்பியவர்களின் படை இப்படியாகப் போர்முனைப் படையாயிற்று. அவர்கள் தெரிந்தெடுத்தது ஒன்று. காலம் அவர்களுக்கு அளித்தது வேறொன்று.

நிற்க, தெரிவின் காரணத்தைப் பார்ப்போம். துணிந்தவன் போர்முனைக்குப் போகிறான், அஞ்சுகிறவன் ரிசர்வில் ஒதுங்குகிறான் என்று திண்ணைகளிற் பேசுவதுண்டு. இது பெரும்பாலும் பிழை. தைரியத்தைவிட அடுப்பும் கடனுமே இத்தெரிவை அதிகமாக நடத்துகின்றன.

சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டைச் சேர்ந்த மாரமங்கலத்தில் 1940-ஆம் ஆண்டில் ஒரு குடும்பம் இருந்ததாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வயது முதிர்ந்த தகப்பன், மணமாகிப் பிள்ளைகளுள்ள மூத்த மகன், மணமாகாத இளையவன். சாமையும் ராகியும் விளையும் இரண்டு ஏக்கர் சரிவு நிலம். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் தோட்டக்கூலி. ஏர்மாடு வாங்கச் சங்கத்தில் எடுத்த கடன் 120 ரூபாய். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஜாமீன். இக்குடும்பத்திலிருந்து ஒருவன் பட்டாளத்திற் சேருவதென்றால் யார் போவான்?

கடன் தவணை தவறாமற் போய்க்கொண்டிருந்தால் இளையவன் போவான்; அவன் இல்லாமல் வீடு நடக்கும். மூத்தவனுக்கும் ஆசையிருந்தால் அவன் ஊரோடிருக்கும் படையிற் பெயர் கொடுப்பான். விதைப்புக்கும் காப்பிப் பறிப்புக்கும் வீட்டிலிருக்கலாம், பயிற்சிக் காலத்தில் கொஞ்சம் கைப்பணமும் வரும் என்பது அவன் எண்ணம். ஆனால் இரண்டு வருஷம் மழை பொய்த்து, வட்டியும் அசலும் நின்றுபோய், ஜாமீன்தார் வாசலில் வந்து நிற்கத் தொடங்கினால் கணக்கு தலைகீழாகிறது. பகுதிநேரச் சேவையிற் சம்பளம் பயிற்சி நாட்களுக்கே உண்டு. கடனுக்குத் தேவைப்படுவதோ மாதந்தோறும் வரும் பணம். அப்பொழுது உழைக்கும் கையான மூத்தவனே நிரந்தரப் படைக்குப் போவான். அங்கே இரண்டு வேளைச் சோறு சர்க்காருடையது. சம்பளத்தில் ஒரு பகுதி மணியார்டரில் வீட்டுக்கு வரும். சுருங்கச் சொன்னால், கடன் இலேசான வீடு ரிசர்வை நாடும். கடன் கனத்த வீடு போர்முனையை நாடும். வெளியிலிருந்து பார்ப்பவன் முன்னதைக் கோழைத்தனமென்றும் பின்னதை வீரமென்றும் சொல்லிவிட்டுப் போவான்.

இது வெறும் ஊகமன்று. 1914-ல் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய், பெரிய தொகையன்று. எனினும் அது மழையைப் பார்த்து வரும் தொகையல்லவாகையால் மானாவாரி நிலமுள்ள வீடுகள் அதை மதித்தன. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் பர்மா அரிசி வருவது நின்று, சென்னை மாகாணத்தில் தானிய விலை ஏறியது. முன்பு சண்டைக்கு ஏலாதவரென்று தள்ளப்பட்ட தென்னாட்டார் அவ்வருஷங்களிற் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். சர்க்காரும் ராபர்ட்ஸ் காலத்துக் கருத்தைப் பேசாமல் ஒதுக்கிவைத்தது. பசி ஒரு காரணம். தொழில் கற்கும் ஆசை மற்றொன்று. மோட்டார் ஓட்டவும், இரும்பு வேலை செய்யவும், கம்பியில்லாத் தந்தி இயக்கவும் பட்டாளம் கற்றுக்கொடுத்தது. மூன்றாவது காரணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஊரில் ஒதுக்கி நிறுத்தப்பட்டவன் அங்கே சட்டையணிந்து, எண் பெற்று, மற்றவரோடு வரிசையில் நின்றான். அந்த மதிப்புக்காகவே வீட்டைவிட்டுப் போனவர் உண்டு.

இவற்றோடு, போர்முனை எது, பின்வரிசை எது என்று சேர்கிறவன் நினைப்பதும் அங்கே இருப்பதும் வேறாகிவிடுகின்றன. துப்பாக்கிப் படை வேண்டாம், பாலங்கட்டும் படை போதும் என்று நினைப்பவனுக்குச் செங்கற்பட்டு ஜில்லா கீழ் ஒட்டிவாக்கம் சுபேதார் சுப்பிரமணியனின் வரலாறு ஒன்றே போதும். அவர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை ஸாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையைச் சேர்ந்தவர். அப்படையின் தொழில் வழி அமைத்தலும் கண்ணிவெடி அகற்றுதலும். 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி, இத்தாலியில் மின்யானோ என்னுமிடத்தருகே கண்ணிவெடி தேடிச் சென்றபோது கூட வந்த ஒருவரின் காலடியில் வெடியொன்று அகப்பட்டது. அது வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து, தம் உடலால் அதை மூடி, உடன் வந்தவர்களைக் காத்து உயிர்நீத்தார். எதிரியின் முன்னிலையில் அல்லாத வீரத்துக்கு அளிக்கப்படும் ஜார்ஜ் கிராஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. விருதின் விதிப்படி பார்த்தால் அவர் எதிரியின் முன் நிற்கவில்லை. விதி அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

அக்காலத்திலேயே கடலுக்கு அப்பால், மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களிலிருந்த தமிழரின் தெரிவு இன்னும் கடினமானது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் இந்திய தேசிய ராணுவத்தில் தோட்டத் தமிழர் பலர் சேர்ந்தனர். நாட்டுப்பற்று அவர்களை அழைத்ததென்பது மெய். மற்றொன்றும் மெய்: சேராமலிருந்தவனை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போகலாம் என்ற பயம் ஒவ்வொரு தோட்டத்து லயத்திலும் இருந்தது. ரயில்பாதைக்குப் போன தமிழரில் ஆயிரக்கணக்கானோர் காலராவாலும் பட்டினியாலும் மாண்டனர். துப்பாக்கி பிடிப்பதே உயிருக்குப் பாதுகாப்பான வழியாகத் தோன்றிய காலமது. தோட்ட வேலை அறிந்த மாரமங்கலத்தார்க்கு அந்த லயங்களை விவரிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கட்டாயச் சேவை இருந்தது. அங்கே வியட்நாம் யுத்த காலத்தில், கட்டாயமாகப் போர்முனைக்கு அனுப்பப்படாமலிருக்க இளைஞர் பலர் நேஷனல் கார்டு என்னும் மாநிலக் காவற்படையில் இடம் தேடினர். அப்படையினரில் மிகச் சிலரே வியட்நாமுக்கு அனுப்பப்பட்டனர். ஆனால் 2003-ல் இராக் யுத்தம் தொடங்கியபின் அதே காவற்படையினர் பெருந்தொகையாகக் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். தகப்பனுக்கு நிழலாயிருந்த ஏற்பாடு மகனுக்கு நிழலாகவில்லை.

இனிச் சங்கத்தைப் பற்றியது. 1925-ஆம் ஆண்டின் இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம், யுத்தச் சேவையிலோ கடல்கடந்த சேவையிலோ இருக்கும் சிப்பாய் இல்லாத வேளையில் அவன்மீது கோர்ட்டில் தீர்ப்பு ஆகிவிடாதபடி காத்தது. கலெக்டர் சான்று அனுப்பினால், அவன் பொருட்டு ஆஜராவோர் இல்லாதபோது, கோர்ட்டு விசாரணையை நிறுத்திவைக்க வேண்டும். சேவையிலிருந்த காலம் வழக்கின் காலவரம்பிலிருந்தும் விலக்கப்படும். நல்ல சட்டம். ஆனால் இந்தப் பாதுகாப்பு படைச் சட்டத்துக்கு உட்பட்டுச் சேவையிலிருப்பவனுக்கே உரியது. ரிசர்விற் பெயரெழுதி ஊரிலிருப்பவன் அழைக்கப்படும்வரை மற்ற எவரையும் போன்ற கடனாளியே. முக்கியமான விஷயம் இன்னொன்று. சட்டம் காத்தது சிப்பாயை. அவனுக்காகக் கையெழுத்திட்ட ஜாமீன்தாரை அன்று. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவின்படி, வேறு உடன்படிக்கை இல்லாவிடில், ஜாமீன்தாரின் பொறுப்பு கடன்காரனுடைய பொறுப்புக்குச் சமமாக நீளுகிறது. மேலே சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போகவில்லை. 120 ரூபாய்க்கு அவரே எதிரில் நிற்கிறார்.

சுதந்திரத்துக்குப் பின் 1948-ஆம் ஆண்டின் டெரிடோரியல் சேனைச் சட்டம் வந்தது. அச்சேனையை 1949 அக்டோபர் 9-ஆம் தேதி தொடங்கிவைத்தவர், அந்நாளைய சேலம் ஜில்லாவிற் பிறந்து சேலத்தில் வக்கீலாயிருந்த கவர்னர் ஜெனரல் ராஜகோபாலாச்சாரியார். மத்திய சர்க்காரின் உத்தரவின்றி இப்படையினரை இந்தியாவுக்கு வெளியே அனுப்பலாகாதென்று அச்சட்டம் சொல்லுகிறது. உத்தரவு இருந்தால் அனுப்பலாம் என்பதும் அதே வாக்கியத்தில் உண்டு. சேவைக்கு அழைக்கப்பட்டவனை, திரும்பியபின் முதலாளி பழைய வேலையில் அமர்த்த வேண்டுமென்பது 1952-ல் சேர்ந்த 7ஏ பிரிவு. ஆலையிலோ ஆபீசிலோ வேலை பார்ப்பவனுக்கு அது பெரிய ஆறுதல். தன் நிலத்தைத் தானே உழுகிறவனுக்கு முதலாளி இல்லை. அவன் மழைக்காலத்தில் அழைக்கப்பட்டால் சாமை விதைப்புப் போகும். பனிக்காலத்தில் அழைக்கப்பட்டால் காப்பிப் பறிப்புப் போகும். அதை ஈடுசெய்யும் பிரிவொன்றும் அதில் இல்லை.

ஆகவே ஓர் அங்கத்தினர் எவ்வகைச் சேவைக்குப் பெயர் கொடுத்தாலும், கையெழுத்திடுமுன் ஜாமீன்தாருக்குச் சொல்ல வேண்டும். பஞ்சாயத்தார் நிலுவையைக் கணக்கிட்டு, தவணையை மணியார்டர் வரும் மாதங்களுக்கேற்ப மாற்றலாமா என்று உபவிதியைப் பார்த்து முடிவு செய்யலாம். குடும்பப்படி யார் பெயருக்கு வரவேண்டுமென்பதைப் படிவத்தில் எழுதும்போது, கணவனோ மகனோ சொல்லிய பெயரும் ஊரில் வழங்கும் பெயரும் ஒன்றாயிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பத்திரத்தில் ஒரு பெயரும் படிவத்தில் மற்றொரு பெயருமாக இருந்தால், தபால்காரர் மலையேறி வந்தும் பணத்தைக் கொடுக்காமல் திரும்பிப் போவார்.