கரையான் வந்த வீட்டை வாங்கலாமா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூரில் என் தங்கைக்கு வீடு தேடிக்கொண்டிருந்த வருடம், எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போன ஒரு வீட்டின் கூடத்தில் தினசரிக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், வாசனைகூடப் போகவில்லை. காலண்டர் அட்டையின் அடிப்பக்கம் மட்டும் லேசாக உப்பியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். பின்புறம் முழுக்க ஈர மண். விரல் பட்டதும் அது பொலபொலவென்று உதிர, உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான்கள் சிதறி ஓடின.

"போன வருஷமே மருந்து அடிச்சாச்சுங்களே" என்றார் வீட்டுக்காரர். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மருந்து அடித்திருப்பார்கள். எங்கே அடித்தார்கள், என்ன மருந்து, எத்தனை லிட்டர் என்று கேட்டபோதுதான் அவரிடம் பதில் இல்லை.

அந்த வீட்டை விட்டுவிட்டோம். கடைசியில் நாங்கள் வாங்கியதும் கரையான் வந்த வீடுதான். ஆனால் அதன் சொந்தக்காரர் எந்த நிலையில் ஏறியது, எதனால் ஏறியது, என்ன செய்தோம் என்று பில்லோடு காட்டினார். நம் மண்ணில், நம் மழையில், கரையானே எட்டிப் பார்க்காத பழைய வீட்டைத் தேடினால் ஆயுசுக்கும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கிருந்து வந்தது, எதைத் தின்றது, என்ன வைத்தியம் நடந்தது என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தால் தைரியமாக வாங்கலாம்.

முதல் படி: வந்தது கரையான்தானா?

மரம் அரித்திருந்தால் எல்லாமே கரையான் என்று சொல்லிவிடுகிறோம். மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

மண்ணுக்கடியில் புற்று வைத்து, அங்கிருந்து வீட்டுக்குள் ஏறி வருவது மண் கரையான். பென்சில் தடிமனில் சுவரோடு ஒட்டி மண்ணால் வழி கட்டிக்கொண்டே வரும். வெளிச்சமும் உலர்ந்த காற்றும் அதற்கு ஆகாது; ஈரம் காக்கத்தான் அந்த மண் குழாய். நம் வீடுகளில் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான்.

உலர்மரக் கரையானுக்கு மண்ணோடு தொடர்பே தேவையில்லை. மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். கட்டிலுக்கடியிலோ ஜன்னல் சட்டத்துக்குக் கீழோ கசகசா கொட்டியதுபோல மணிமணியாகக் கிடந்தால் இதுதான்.

மாவு போல மெல்லிய தூள் கொட்டி, மரத்தில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் தெரிந்தால் அது கரையானே அல்ல. மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. தரையில் எத்தனை லிட்டர் மருந்து இறக்கினாலும் வண்டுக்கும் உலர்மரக் கரையானுக்கும் அது போய்ச் சேராது. அந்தந்த மரத்துக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும், அல்லது மரத்தையே மாற்ற வேண்டும்.

இரண்டாம் படி: பகல் வெளிச்சத்தில், ஸ்க்ரூ டிரைவரோடு

வீட்டைக் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். "கொஞ்சம் தட்டிப் பார்த்துக்கறேங்க" என்று அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மறுக்கிறவர் வீட்டை அப்போதே மறந்துவிடலாம் என்பது என் கருத்து.

முதலில் வாசல் நிலை. கரையான் கீழிருந்துதான் ஏறும் என்பதால் நிலைக்கால் தரையைத் தொடும் கடைசி ஒரு அடியில் கவனம் வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும்; அரித்த இடத்துக்கு வந்ததும் சத்தம் பொக்கென்று மாறும். அங்கே முனையை வைத்து லேசாக அழுத்துங்கள். உள்ளே மரம் போய் பெயின்ட் மட்டும் நிற்குமானால் முனை அப்பளத்தில் இறங்குவதுபோல இறங்கும். ஒரு வீட்டில் பூஜை அறை நிலையில் என் கட்டைவிரலே உள்ளே போயிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அத்தனை லட்சணமாக இருந்தது.

பிறகு யாரும் பார்க்காத இடங்கள்: சமையலறை சிங்குக்குக் கீழே இருக்கும் கபோர்டின் முதுகுப் பலகை, லாஃப்ட்டின் உள்மூலை, மாடிப்படிக்கு அடியில் உள்ள இருட்டு, குளியலறைக் கதவு நிலை, சுவரில் பதித்த அலமாரி. ஸ்விட்ச் பாக்ஸையும் விடாதீர்கள். சுவருக்குள் ஓடும் வயரிங் பைப் கரையானுக்குப் போட்டுக்கொடுத்த ராஜபாட்டை. மாடியில் திடீரென்று கரையான் தென்பட்டால் பல நேரம் அந்த வழியாகத்தான் ஏறியிருக்கும்.

மண் குழாய் கண்ணில் பட்டால் நடுவில் ஒரு விரற்கடை அளவுக்கு மட்டும் உடைத்துவிட்டு, நாலைந்து நாள் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். உடைத்த இடத்தில் புது ஈரமண் பூசியிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. பூசாமல் இருந்தால் மட்டும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அந்த வழியை விட்டுவிட்டு வேறு வழியில் ஏறிக்கொண்டிருக்கலாம்.

எப்போதும் பூட்டியே கிடக்கும் அறையில் ஜன்னலோரம் ஈசல் சிறகுகள் குவிந்து கிடந்தாலும் யோசியுங்கள். விளக்குக்கு வெளியிலிருந்து வருகிற ஈசல் வேறு. பூட்டிய அறைக்குள் கிளம்பியிருந்தால் புற்று வீட்டுக்கு அடியிலேயே இருக்கக்கூடும்.

மூன்றாம் படி: அரித்தது எதை?

இதில்தான் நிதானம் வேண்டும். கான்கிரீட் தூண், கான்கிரீட் கூரை உள்ள வீட்டில் கரையான் தின்னக்கூடியது நிலை, கதவு, ஜன்னல், பிளைவுட் வேலை, புத்தகம், துணிமணி. பணம் போகும், வீடு விழாது. ஆசாரியைக் கூட்டிவந்து எத்தனை நிலை மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டால் தீர்ந்தது.

ஓட்டு வீடும் மெட்ராஸ் டெரஸும் அப்படியல்ல. அங்கே உத்திரமும் விட்டமும் கைமரமும்தான் கூரையையே சுமக்கின்றன. மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சுண்ணாம்புக் கலவையில் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கியிருப்பார்கள். கட்டையின் நடுப்பகுதி பளபளவென்று நன்றாகவே இருக்கும். ஆபத்து, சுவருக்குள் நுழையும் அதன் முனையில். சுவரின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் அங்கேதான் இற்றுப்போகும். ஏணி போட்டு முனைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். கட்டை தொய்ந்திருக்கிறதா, சுவரோரம் கூரையில் விரிசல் ஓடுகிறதா, மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

"தேக்குங்க, கரையான் தொடாது" என்பார்கள். வைரம் பாய்ந்த தேக்கை எளிதில் தொடாதுதான். அதே கட்டையின் வெளிர்நிறமான ஓரப் பகுதியைத் தாராளமாகத் தின்னும். எனவே இப்படிப்பட்ட வீடாக இருந்தால் கட்டுமானப் பொறியாளர் ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடனுக்காக வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் சொத்தின் விலையைப் பார்க்க வருகிறவர். உத்திரத்தைத் தட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

நான்காம் படி: ஈரம் எங்கிருந்து?

கரையானுக்கு மரமும் வேண்டும், ஈரமும் வேண்டும். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள். குளியலறையின் மறுபக்கச் சுவரில் பெயின்ட் உரிகிறதா? சன்ஷேடு தண்ணீர் சுவரோரமே விழுகிறதா? சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி இருக்கிறதா? வெட்டிப்போட்ட தென்னையின் அடிக்கட்டை மண்ணுக்குள் கிடக்கிறதா? வீடு கட்டியபோது மிஞ்சிய சென்டரிங் பலகையையும் சவுக்குக் கழியையும் அங்கேயே மண்ணில் தள்ளி மூடிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். "உங்க வீட்ல கரையான் தொந்தரவு உண்டா அண்ணே?" என்று கேட்டால் தெருவின் கதையே வந்துவிடும்.

ஐந்தாம் படி: மருந்து அடித்ததற்கு அத்தாட்சி

சுவரில் தெரிந்த மண்ணைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவதும், மேலோட்டமாக ஸ்ப்ரே அடிப்பதும் வைத்தியம் ஆகாது. புற்றுக்குள் ராணி இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும், முட்டை இட்டுக்கொண்டே இருக்கும். புற்றுக்கும் வீட்டுக்கும் இடையில் மண்ணிலேயே மருந்து வேலி கட்ட வேண்டும்.

கட்டி முடித்த வீட்டுக்கு இதை எப்படிச் செய்வது என்று ஐஎஸ் 6313 என்னும் இந்தியத் தர விதியின் மூன்றாம் பாகம் சொல்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் துளைகளை 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, அதாவது ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றாகப் போட வேண்டும். துளைக்கு ஒரு லிட்டர் வீதம் மருந்துக் கரைசலை இறக்கி, பிறகு அடைக்க வேண்டும். குளோர்பைரிபாஸ், இமிடாகுளோபிரிட், பைஃபென்த்ரின் போன்றவை புழக்கத்தில் உள்ள மருந்துகள்.

ஆகவே உட்கார்ந்து பாருங்கள். முறையாகச் செய்த வீட்டில் ஸ்கர்ட்டிங் ஓரமாக, வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்த பொட்டுகள் வரிசையாகத் தெரியும். "மருந்து அடிச்சாச்சு" என்ற வாய்ச்சொல்லைவிட அந்தப் பொட்டு வரிசையை நான் நம்புவேன். பில்லில் தேதி, மருந்தின் பெயர், வாரன்டி காலம் மூன்றும் இருக்க வேண்டும். அந்த வாரன்டி புதுச் சொந்தக்காரருக்கும் செல்லுமா என்று கம்பெனிக்கே போன் செய்து கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: மருந்து வைத்த பிறகு தரையை உடைத்தார்களா? டைல்ஸ் மாற்றியது, புதிதாகக் குழாய் பதித்தது, பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டியது என்று எது நடந்திருந்தாலும் அந்த இடத்தில் வேலி அறுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்களே புதிதாக மருந்து வைப்பதானால் உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். கிணறும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியும் எங்கே இருக்கின்றன என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். மருந்து நீரில் கலக்கக் கூடாது. வேலையை முடித்துக்கொண்டு பிறகு குடியேறுவது நல்லது. கைக்குழந்தை உள்ள வீடென்றால் கட்டாயம் அப்படித்தான்.

ஆறாம் படி: விலையும் ஒப்பந்தமும்

ஆசாரியிடம் ஒரு எஸ்டிமேட், மருந்து வைப்பவரிடம் ஒரு எஸ்டிமேட், கசிவை அடைக்கக் கொத்தனாரிடம் ஒன்று. மூன்றையும் கூட்டி, அந்தத் தொகையை மேசையில் வைத்துப் பேசுங்கள். "கரையான் வீடு, அஞ்சு லட்சம் குறைங்க" என்று மொட்டையாகக் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். எஸ்டிமேட் தாளைக் காட்டினால் விற்பவரும் யோசிப்பார்.

சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 55-ஆவது பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. சொத்தில் முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் "இருக்கும் நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன்" என்ற வரியைக் கிரய ஒப்பந்தத்தில் எழுத விட்டுவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். அதற்குப் பதிலாக, எந்தெந்த இடத்தில் கரையான் வந்தது, எப்போது மருந்து வைக்கப்பட்டது, வேறு பாதிப்பு தனக்குத் தெரிந்து இல்லை என்று விற்பவர் சொல்வதை வக்கீலை வைத்து எழுதி வாங்குங்கள்.

குடியேறிய பிறகு

பீரோவையும் அலமாரியையும் சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடம் விடுங்கள். அட்டைப்பெட்டிகளை மாதக்கணக்கில் தரையில் அடுக்காதீர்கள். மாற்ற வேண்டிய நிலைகளில், ஈரம்படும் குளியலறைக்கு மட்டுமாவது மரம் வேண்டாம். கருங்கல்லோ சிமென்டோ போதும்.

முதல் ஐப்பசி மழை முக்கியம். என் தங்கை வீட்டில் அந்த மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம், கொல்லைப்படிக்குப் பக்கத்தில் மண்ணிலிருந்து ஈசல் புகைபோலக் கிளம்பியது. பதறிப்போய் போன் செய்தாள். மறுநாள் ஆள் வைத்துத் தோண்டினோம். இரண்டடி ஆழத்தில், எப்போதோ வெட்டிய முருங்கையின் அடிக்கட்டை சல்லடையாகக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, குழிக்கும் சுவரோரத்துக்கும் மருந்து வைத்து மூடினோம். வீட்டுக்குள் போய் நிலைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் கணீரென்றே இருந்தன.