நோய் நீங்கிய பின் சூலகம் - இளம் பெண்கள் அறிய வேண்டிய ஒரு பாடம்



சுன்னாகம் சந்தையைக் கடந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே செல்லும் பஸ் வண்டியில், மல்லாகத்துக்கு அப்பால் தெல்லிப்பழை வைத்தியசாலை வாசலில் இறங்குவோரைக் கண்டிருப்பீர்கள். அங்குள்ள புற்றுநோய்ப் பிரிவுக்காக 2011 ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்தே நிதி திரட்டினார்கள். அதற்கு முன் மகரகம வரை பயணப்பட வேண்டியிருந்த பல குடும்பங்களுக்கு இன்று சிகிச்சை வீட்டுக்கு அருகில் கிடைக்கிறது. நோய் குணமாகிப் பாடசாலைக்குத் திரும்பும் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் உடலுக்குள் நிகழும் ஒரு மாற்றத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. அதையே இக்கட்டுரை பேசுகிறது.

சூலகத்தின் வேலை

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவளது இரு சூலகங்களிலும் ஏறத்தாழ பத்து முதல் இருபது இலட்சம் முதிராச் சூல்கள் இருக்கின்றன. பருவமடையும்போது மூன்று, நான்கு இலட்சமே எஞ்சும். புதியவை உருவாவதில்லை. இச்சூல்களைச் சூழ்ந்துள்ள புடைப்புக்களே ஈஸ்திரஜன் ஓமோனைச் சுரக்கின்றன. சூல் வெளியேறிய பின் மிஞ்சும் மஞ்சட் சடலம் புரொஜெஸ்தரோனைச் சுரக்கிறது. ஆகவே சூல்கள் அழிந்தால் ஓமோனும் நின்றுவிடும்.

வேகமாகப் பிரிவடையும் கலங்களைத் தாக்கும் மருந்துகள் சில, குறிப்பாகச் சைக்குளோபொஸ்பமைட் போன்றவை, புடைப்புக்களையும் அழிக்கின்றன. இடுப்புப் பகுதிக்குக் கொடுக்கப்படும் கதிர்வீச்சும் அவ்வாறே. எல்லோருக்கும் இது நேர்வதில்லை. மருந்தின் வகை, அளவு, வயது ஆகியவற்றைப் பொறுத்து ஆபத்து மாறும். சிலருக்கு மாதவிடாய் திரும்ப வந்தாலும் பிற்காலத்தில் வழமைக்கு முன்னரே நின்றுவிடலாம்.

உயர்தரத்தில் உயிரியல் கற்போர் எதிர்ப் பின்னூட்டலை நினைவுகூருங்கள். ஈஸ்திரஜன் குறைந்தால் கபச் சுரப்பி புடைப்புத் தூண்டும் ஓமோனை மேலும் மேலும் சுரக்கும். குருதிப் பரிசோதனையில் அந்த ஓமோன் உயர்ந்து காணப்பட்டால் சூலகம் ஓய்ந்துவிட்டது என வைத்தியர் ஊகிப்பது இதனாலேயே.

ஓமோன் இல்லாவிட்டால் என்ன?

"மாதவிடாய் வராவிட்டால் தொல்லை விட்டது" என்று சிலர் சொல்வதுண்டு. இது தவறான எண்ணம். பருவமடையாத சிறுமிக்கு ஈஸ்திரஜன் இல்லையென்றால் உடல் வளர்ச்சி தடைப்படும். இளம் பெண்ணுக்கு என்பின் அடர்த்தி குறையும். இருதய நோய்க்கான ஆபத்து கூடும். தூக்கமின்மை, உடல் வெக்கை, மனச்சோர்வு என்பனவும் வரலாம். இருபது வயதில் தொடங்கும் என்புத் தேய்வு பிற்காலத்தில் முறிவாக வெளிப்படலாம்.

மீட்கும் வழிகள்

முதலாவது வழி எளியது. குறைந்த ஓமோனை மாத்திரையாகவோ தோலில் ஒட்டும் தகடாகவோ கொடுப்பது. சிறுமிகளுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவர். இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதான ஐம்பது வரை இதைத் தொடர்வது வழமை. மார்பகப் புற்றுநோய் போன்ற, ஓமோனால் வளரக்கூடிய நோய் இருந்தவர்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. எனவே சுயமாக மருந்து வாங்குவது கூடாது.

இரண்டாவது வழி, சிகிச்சைக்கு முன்பே சூலகத்தின் ஒரு பகுதியை எடுத்து, மெல்லிய துண்டுகளாக்கி, திரவ நைதரசனில் மறை 196 பாகை செல்சியசில் உறையவைப்பது. நோய் நீங்கிய பின் அத்துண்டுகளை அவளது உடலிலேயே மீண்டும் பதிப்பர். 1994 இல் எடின்பரோவில் ரொஜர் கொஸ்டன் குழுவினர் செம்மறியாட்டில் இதனைச் செய்து காட்டினர். பெல்ஜியத்தில் ஹொட்ஜ்கின் நோயுற்ற ஓர் இளம் பெண்ணின் சூலகத் துண்டுகள் 1997 இல் உறையவைக்கப்பட்டன. பேராசிரியர் சாக் டொனே 2003 இல் அவற்றைத் திரும்பப் பதித்தார். ஐந்து மாதங்களில் சூலகம் இயங்கத் தொடங்கியது. 2004 இல் அவர் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார்.

துபாயைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அவருக்கிருந்தது புற்றுநோயன்று, தலசீமியா. என்பு மச்சை மாற்றுக்கு முன் கடும் மருந்து ஏற்ற வேண்டியிருந்ததால், 2001 இல், பருவமடைய முன்னரே, இங்கிலாந்தின் லீட்சில் அவரது சூலகம் உறையவைக்கப்பட்டது. பின்னர் டென்மார்க்கில் அத்துண்டுகள் பதிக்கப்பட்டன. 2016 டிசம்பரில் இலண்டனில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. பதித்த துண்டுக்குப் புதிய குருதிக் குழாய்கள் வளரும்வரை பல புடைப்புக்கள் மடிகின்றன. அதனால் பெரும்பாலும் சில ஆண்டுகளே அது ஓமோன் சுரக்கும். குருதிப் புற்றுநோயில் துண்டுக்குள் நோய்க் கலங்கள் மறைந்திருக்கலாம் என்பதால் வைத்தியர்கள் மிகவும் தயங்குவர். இதற்கு மாற்றாக, 2017 இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தார் முப்பரிமாண அச்சில் ஜெலற்றின் சட்டகம் செய்து, அதில் புடைப்புக்களை வைத்து, பெண் எலிகளில் சூலக இயக்கத்தை மீட்டனர். மனிதருக்கு அது வர இன்னும் காலம் எடுக்கும்.

மார்க்க ரீதியில் ஐயம் கொள்வோருக்கு ஒரு சொல்: இங்கே பதிக்கப்படுவது அவளது சொந்த உறுப்பின் பகுதி, வேறொருத்தியின் சூல் கலப்பதில்லை. மேலதிக விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டறியலாம்.

கேட்க வேண்டிய கேள்வி

உறையவைத்தல் எல்லா இடத்திலும் கிடைப்பதன்று, செலவும் அதிகம். ஆயினும் கேள்வி கேட்பதற்குச் செலவில்லை. "இந்த மருந்து பிள்ளையின் சூலகத்தைப் பாதிக்குமா? முன்கூட்டியே ஏதாவது செய்யலாமா?" என்று முதல் மருந்து ஏற்றுவதற்கு முன்னரே கேட்க வேண்டும். உயிர் தப்பினால் போதும் என்ற பதற்றத்தில் தாய் கேட்க மறக்கிறாள். வெட்கத்தால் மகள் வாய் திறப்பதில்லை. பிறகு கேட்கும்போது சூல்கள் இருப்பதில்லை.

சிகிச்சை முடிந்தவர்களும் சோர வேண்டாம். பதின்மூன்று வயதாகியும் பருவ மாற்றம் எதுவும் தெரியாவிட்டால், அல்லது வந்த மாதவிடாய் மூன்று மாதங்களுக்கு மேல் நின்றுவிட்டால், வைத்தியரிடம் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு தோழி இருந்தால், அவளைத் தனியே விடாமல் நீங்களும் கூடச் செல்லுங்கள். உடலைப் பற்றி அறிவதில் வெட்கமில்லை. அது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.