சில நிறங்களைக் கொண்டு பல நிறம் காட்டுதல்

மயில்கழுத்து நிறச் சேலை நெய்த அங்கத்தினர்கள் இப்பாடத்தின் அடிப்படையை முன்னரே அறிவர். பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓட, இரண்டுமல்லாத மூன்றாவது நிறம் ஒன்று துணியில் எழுகிறது. சாயத் தொட்டியில் அந்நிறம் கிடையாது. பார்ப்பவர் கண்ணிலேதான் அது பிறக்கிறது. இணையப் பக்கங்களுக்குப் படம் வரைந்தவர்களும் ஒரு காலத்தில் இதே வழியைக் கைக்கொள்ள நேர்ந்தது. அவர்கள் செய்ததையும், அதனால் நம் தறிக்கு நேரக்கூடிய நன்மை தீமைகளையும் இம்மாதம் ஆராய்வோம்.

கணினித் திரை நுண்ணிய புள்ளிகளால் ஆயது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் உள்ளன. ஒவ்வோர் ஒளிக்கும் 0 முதல் 255 வரை படிகள் உண்டு. மூன்றையும் பலவாறு சேர்த்தால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். ஆனால் 1990-களின் நடுவில் இருந்த கணினிகள் பலவற்றிற்கு இத்தனை நிறங்களைத் தாங்கும் நினைவகம் இல்லை. அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 3,07,200 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 9,21,600 பைட் வேண்டும். நினைவகம் விலை மிகுந்திருந்த அந்நாளில் புள்ளிக்கு ஒரு பைட்டோடு நிறுத்திக்கொண்டனர். அதனால் ஒரே சமயத்தில் 256 நிறங்களுக்கு மேல் திரையில் தோன்ற இயலாது.

அந்த 256-லும் விண்டோஸ் 20 நிறங்களைத் தன் உபயோகத்திற்கென ஒதுக்கிக்கொண்டது. மெக்கின்டாஷ் கணினியின் பட்டியலோ வேறு. ஆகவே 1994-இல் வந்த நெட்ஸ்கேப் உலாவி ஒவ்வோர் ஒளிக்கும் ஆறு படிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. அவை 0, 51, 102, 153, 204, 255. ஆறை ஆறாலும் மீண்டும் ஆறாலும் பெருக்க 216 ஆகிறது. இப்பட்டியலை ஓவியர்களிடையே பரப்பியவர்களுள் முதன்மையானவர் லிண்டா வைன்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவருடைய நூல் 1996-இல் வெளிவந்தது. பட்டியலுக்குப் புறம்பான நிறத்தை ஒருவர் தீட்டினால், உலாவி தன்னிடமுள்ள நிறங்களைப் புள்ளி புள்ளியாக இறைத்து அதை ஈடுசெய்யும். ஓவியர் ஒரே சீராகப் பூசிய பரப்பு, பார்ப்பவர் திரையில் சாயம் திட்டுத்திட்டாக ஏறிய நூல்போல் தோன்றும்.

216 என்றால் தாராளம்போல் தோன்றும். ஆனால் அவற்றுள் கண்ணைக் குத்துபவை பல. சந்தனம், வெளிர்ரோஜா போன்ற மென்னிறங்கள் சிலவே. எனவே இறைப்பதை உலாவியின் போக்கில் விடாமல், முறையாகத் தாமே செய்துகொள்ள ஒரு கருவி தோன்றியது. 1999-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் 5.5-இல் இருந்த டிதர்பாக்ஸ் என்னும் வடிகட்டி அத்தகையது. வடிகட்டி எனப்படுவது, பெரிய மென்பொருளோடு இணைந்து, படத்தின் ஒரு பகுதியை எடுத்து மாற்றித் தரும் சிறு துணைக் கருவியாகும்.

இதன் வேலை கட்டத்தாளில் நடக்கும் வேலைதான். வேண்டிய நிறத்தை முதலில் கொடுக்க வேண்டும். பிறகு கட்டத்தின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறியது இரண்டுக்கு இரண்டு, பெரியது எட்டுக்கு எட்டு. கருவி 216-இலிருந்து பொருத்தமானவற்றை எடுத்துக் கட்டங்களை நிரப்பும். நாமே கையால் நிரப்பவும் செய்யலாம். அச்சிறு கட்டம் தேர்ந்தெடுத்த பரப்பு முழுவதும் திரும்பத் திரும்பப் பதியும்.

ஓர் உதாரணம் காண்போம். சிவப்பு 217, பச்சை 153, நீலம் 51 உள்ள காவி நிறம் வேண்டும் என்க. பட்டியலில் சிவப்பு 204-ம் உண்டு, 255-ம் உண்டு; நடுவில் ஒன்றுமில்லை. நான்கு கட்டங்களில் மூன்றை 204 ஆகவும் ஒன்றை 255 ஆகவும் நிரப்பினால் சராசரி 216¾ வருகிறது. கண்ணுக்கு அது 217-தான். பச்சையும் நீலமும் நான்கு கட்டங்களிலும் மாறுவதில்லை. இங்ஙனம் அருகருகே உள்ள நிறங்களையே கலக்க வேண்டும். கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் புள்ளிகள் தனித்தனியே தெரியும். கணக்குச் சொல்வதைவிட வெளிறிய நிறமும் தோன்றும்.

படத்தைச் சேமிக்கும் முறையிலும் கவனம் தேவை. ஜேபெக் முறை புள்ளிகளைக் குழப்பிப் பட்டியலுக்கு வெளியே தள்ளிவிடும். ஜிஃப் முறை புள்ளிகளை உள்ளபடியே காக்கும். ஆனால் 256 நிறங்களுக்கு மேல் ஏற்காது. ஜிஃப் படத்தை இடமிருந்து வலமாக வரிவரியாகப் படித்துச் சுருக்குகிறது. ஆகையால் சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றி வைப்பதைவிட, ஒரு வரி முழுதும் ஒரு நிறம், அடுத்த வரி முழுதும் மற்றொன்று என வைத்தால் நன்கு சுருங்கும். இவ்வரியின் சங்கதியை அங்கத்தினர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளக் கோருகிறோம்.

காலம் மாறிற்று. நினைவகம் மலிந்தது. 2000-ஆம் ஆண்டில் பலவகைத் திரைகளில் இருவர் சோதித்துப் பார்த்து, 216-இல் 22 மட்டுமே எங்கும் பிழையின்றித் தோன்றுகின்றன என்று எழுதினர். இன்று கைபேசித் திரைகூட எல்லா நிறங்களையும் காட்டுவதால், இணையத்திற்கு அப்பட்டியலும் வேண்டா, அவ்வடிகட்டியும் வேண்டா.

தறிக்கு அவ்வாறு இல்லை. கணினியில் வரையும் ஜக்கார்டு டிசைனில் ஒரு நிறம் என்பது ஒரு நூல். அதிக ஊடையாக ஓடினால் ஒரு நாடாவும் ஆகிறது. நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், பூவின் புகைப்படம் ஒன்றை வெளியாரிடம் கொடுத்து முந்திக்கு டிசைன் வாங்கியிருந்தனர். அவர் எட்டு நிறமாகக் குறைத்து, இறைப்பதைக் கணினியின் போக்கில் விட்டுவிட்டார். திரையில் அழகாகவே இருந்தது. ஆனால் 240 வரிகளில் ஒவ்வொன்றிலும் எட்டு நிறங்களும் சிதறிக் கிடந்தன. வரிக்கு எட்டு வீச்சு வீதம் 1,920 வீச்சு. கூலியோ முந்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று பழைய டிசைனை வைத்து நிர்ணயித்தது. நெசவாளர் வேலையில் மந்தம் என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள்! அவரும் தம்மைத்தாமே அப்படி நினைக்கத் தொடங்கியிருந்தார். தறியருகே அமர்ந்து நாம் வீச்சுகளை எண்ணிய பிறகே உண்மை விளங்கிற்று.

பிறகு டிசைனை ஐந்து நிறமாகக் குறைத்து, கலப்பை வரிவரியாக அமைத்து, எந்த வரியிலும் இரண்டு நிறத்திற்கு மேல் வாராதபடி திருத்தி வரையச் செய்தோம். 240 வரிக்கு மிகுதியாகப் போனால் 480 வீச்சு. பூ முன்னைவிடச் சற்று முரடாகத் தெரிந்தது உண்மையே. ஆயினும் இரண்டு கஜ தூரத்தில் நின்று பார்த்தபோது விற்பனையாளருக்கே வித்தியாசம் தோன்றவில்லை.

ஆகவே நிர்வாகக் குழுவினர் டிசைனுக்குப் பணம் கொடுக்குமுன், மொத்த நிறம் எத்தனை என்று மட்டும் கேளாமல், ஒரு வரியில் மிகுதியாக எத்தனை நிறம் என்பதையும் எழுத்தில் பெற வேண்டும். படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொன்னால் தனித்துச் சிதறிய புள்ளிகள் எவர் கண்ணுக்கும் புலப்படும்.

மேற்சொன்ன சங்கத்தில் கூலித் தீர்மானத்தைத் திருத்தி, நாடா வீச்சின் எண்ணிக்கையையும் கணக்கில் சேர்த்தனர். முன்பு நெய்த பதினொரு முந்திகளுக்குரிய வித்தியாசத் தொகை அடுத்த பட்டுவாடாவில் அந்நெசவாளருக்கு வழங்கப்பட்டது. குறிப்பேட்டில் இருந்த வாசகமும் அடுத்த கூட்டத்தில் நீக்கப்பட்டது.