ஐந்தாவது ஆளுக்கு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஐந்து பேர் அணியாக ஆடும் டோட்டா 2 என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்துக்கு உட்கார்ந்தால் நண்பர்கள் நால்வரும் பிடித்த இடத்தை முந்திப் பிடித்துக்கொள்கிறார்கள், மிச்சமிருக்கும் ஐந்தாம் இடமான சப்போர்ட் எப்போதும் என் தலையில்தான் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை 2 கில், 11 சாவு. ஜெயித்த ஆட்டம்தான். ஆனாலும் கடைசியில் பட்டியல் வந்தபோது உங்கள் பெயரைப் பார்த்து நால்வரும் சிரித்திருக்கிறார்கள். “தியாகத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா?” என்று கேட்கிறீர்கள்.

அந்தத் தியாகம் என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு.

நானும் அதைச் சொல்லித் திரிந்தவன்தான். அப்போது மேப்பில் நட்டு எதிராளியின் நடமாட்டத்தைப் பார்க்க உதவும் வார்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். கடையிலிருந்து சாமான் சுமந்து வரும் கழுதையைக்கூட (நிஜமாகவே கழுதைதான்) அணியில் யாராவது ஒருவர் தன் காசில் வாங்க வேண்டும். ஆட்டம் தொடங்கியதும் ஹோட்டலில் பில் வரும் நேரத்தில் கைகழுவப் போகிறவர்களைப் போல ஐந்து பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்போம். கடைசியில் நான் வாங்குவேன். வாங்கிவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டேன். “கழுதை என்னுடையது, வார்டு என்னுடையது” என்று நாற்பது நிமிடமும் சாட்டில் அடித்துக்கொண்டே இருப்பேன், மொய் எழுதிய கையோடு முதல் பந்தியில் இலை கேட்பவனைப் போல. பாதிப் பேர் என்னை மியூட் செய்துவிட்டுத்தான் ஆடினார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் செய்தது சரி.

2019 நவம்பரில் 7.23 என்ற பேட்ச் வந்தது. எட்டிப் பார்க்கும் வார்டு இலவசம், கழுதை ஆளுக்கொன்று என்று ஆகிவிட்டது. என் தியாகத்தில் பாதி ஒரே நாளில் காலி. அப்புறமும் நான் ஐந்தாம் இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தேன். ஏன் என்று அப்போதுதான் யோசித்தேன்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போடுகிறோமே, அது அணிக்கு வரும் தங்கத்தில் யாருக்கு முதல் உரிமை என்பதற்கான வரிசை. ஒன்றாம் ஆள் கேரி. அவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு காசும் பின்னால் அணியைத் தூக்கி நிறுத்த வேண்டிய காசு. அதனால் அவரால் நகர முடியாது. ஒரு நிமிடம் வேலையை விட்டு வெளியே வந்தால் நஷ்டம், செத்தால் பெரும் நஷ்டம். ஐந்தாம் ஆளிடம் இழக்க என்ன இருக்கிறது? எதிராளி நம்மைக் கொன்றாலும் கைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆகவே மேப்பில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆட்டத்தில் சுதந்திரமான ஆள் அவர் ஒருவர்தான்.

பெரிய அணிகளின் கேப்டன்கள் பட்டியலைப் பாருங்கள், புரியும். டோட்டாவின் உலகக் கோப்பை மாதிரியான போட்டி ‘தி இன்டர்நேஷனல்’. 2017இல் டீம் லிக்விடுக்குக் குரோகி, 2018, 2019இல் ஓஜிக்கு நோடெயில், 2021, 2023இல் டீம் ஸ்பிரிட்டுக்கு மிபோஷ்கா, 2024இல் மறுபடி லிக்விடுக்கு இன்சானியா. கோப்பையைத் தூக்கிய இந்தக் கேப்டன்கள் எல்லோரும் ஐந்தாம் இடத்துக்காரர்கள். தலை நிமிர்ந்து மேப்பைப் பார்க்க நேரம் இருப்பவர்தானே கட்டளை இட முடியும்?

நோடெயில் கதையை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். அவர் முன்பு கேரி ஆடியவர். 2018 கோடையில், போட்டிக்குச் சில மாதங்களே இருக்கும்போது, ஓஜியின் ஐந்தாம் ஆளும் அவருடைய நெடுநாள் கூட்டாளியுமான ஃப்ளை வேறு அணிக்குப் போய்விட்டார். காலியான அந்த இடத்துக்கு நோடெயில் தானே இறங்கினார். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் திறந்த தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்த அணி, வான்கூவரில் நடந்த அந்தப் போட்டியில் ஃப்ளையின் புது அணியையும் தோற்கடித்து, இறுதி ஆட்டத்தில் 1-2 என்று பின்தங்கி, 3-2 என்று வென்றது. அடுத்த வருடம் ஷாங்காயிலும் அவர்களே. இரண்டு முறை வென்ற முதல் அணி அது. ஷாங்காயில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. காலங்காலமாக சப்போர்ட் ஹீரோவாக மட்டும் பார்க்கப்பட்ட ஐஓ என்ற ஒளிப்பந்தை ஓஜியின் கேரியான ‘ஆனா’ என்பவர் எடுத்து ஆடினார். எதிரணிகள் திண்டாடின. ஹீரோ மேல் ‘சப்போர்ட்’ என்று முத்திரை குத்தியது யார் என்று அன்றைக்குத் தோன்றியது.

இனி, உங்கள் பெயரைப் பார்த்து நால்வரும் சிரித்த அந்தப் பட்டியல். டாஸல் என்ற பூசாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தன் அணியில் ஒருவர் மேல் ஒரு மந்திரம் போட்டால் சில வினாடிகளுக்கு அந்த ஆள் சாக மாட்டார். எவ்வளவு அடித்தாலும் உயிர் ஒரு புள்ளிக்குக் கீழே இறங்காது. சீக்கிரம் போட்டால் வீண், தாமதமாகப் போட்டால் பிணத்துக்கு வைத்தியம். சரியான நொடியில் நீங்கள் போட, உங்கள் கேரி ஒற்றைப் புள்ளி உயிரோடு திரும்பி நின்று இரண்டு பேரைச் சாய்க்கிறார். ‘டபுள் கில்’ என்று குரல் அவரைப் பாராட்டுகிறது. உங்களுக்கு இரண்டு அசிஸ்ட். அவர் சாகாமல் இருந்ததற்கு அந்தப் பட்டியலில் கட்டமே கிடையாது. நடக்காமல் போனதை எப்படி எண்ணுவது?

ஆனால் உங்கள் 11 சாவுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. எதிராளியின் காட்டுக்குள் தனியாக வார்டு வைக்கப் போய்ச் செத்தவை எத்தனை? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பாதிக்கு மேல் இருக்கும் போலிருக்கிறது. வார்டு நிற்பது ஆறு நிமிடம். அடுத்த ஆறு நிமிடத்தில் நம் ஆட்கள் எங்கே நடக்கப் போகிறார்கள் என்று யோசித்துத்தான் அதை வைக்க வேண்டும். எல்லோரும் வைக்கும் அதே மேட்டில் வைத்தால், எதிராளி கண்ணை மூடிக்கொண்டு வந்து பிடுங்கிவிட்டுப் போவான், கூடவே பரிசுக் காசும் அவனுக்கு. தோற்ற ஆட்டம் ஒன்றின் ரீப்ளேயை எடுத்து, எதிரணிக்குத் தெரிந்த மேப் மட்டும் தெரியும்படி வைத்து முழுக்கப் பாருங்கள். நீங்கள் புதரோரமாக ஒளிந்து ஒளிந்து வருவது அவர்களுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது என்று பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. எனக்கு வரவில்லை.

கேரிக்காகக் காட்டு மிருகங்களை அடுக்கவும் பழகுங்கள். 53, 54வது வினாடி வாக்கில் ஓர் அடி அடித்துக் கூட்டத்தை வெளியே இழுத்தால், நிமிடம் பிறக்கும்போது காலியான இடத்தில் இன்னொரு கூட்டம் முளைக்கும். இழுத்ததும் திரும்பி வந்து சேரும். ஆட்டம் முழுக்கக் கடிகாரத்தின் மேல் ஒரு கண் இருக்க வேண்டிய வேலை இது. நண்பர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அவர்களிடம் ஒரு வாரம் இடம் மாற்றி ஆடலாம் என்று கேட்டுப் பாருங்கள். கேரி ஆளை ஐந்தாம் இடத்தில் உட்காரவைத்து நீங்கள் சிரிக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

அப்புறம் ஒன்று. உங்களுக்குப் பிடித்தவர் கிரிஸ்டல் மெய்டன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் நடையில் ஆமை. முதல் காசில் பூட்ஸ் வாங்கிவிடுங்கள், 11 என்பது 8 ஆகலாம்.

அன்புடன்,
இன்னொரு ஐந்தாவது ஆள்