போர் அடித்தால் குதிரைத்திறன் கூடுமா?

அமெரிக்காவில் 1970-களின் செவ்ரோலெட் சி-10 பிக்கப்புகள் இன்றும் ஓடுகின்றன. ஓடாதவை பண்ணைக் கொட்டகைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. பல வண்டிகளில் பானெட்டைத் தூக்கினால் தென்படுவது 350 கன அங்குல வி-8 இன்ஜின், அதாவது 5.7 லிட்டர். 1955-இல் 265 கன அங்குலத்தோடு தொடங்கிய ‘ஸ்மால் பிளாக்’ குடும்பத்தில் இது 1967-இல் வந்து சேர்ந்தது. உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. அதனால் பழைய பிக்கப்பின் இன்ஜினைப் பிரித்து, கூடுதல் சக்தியோடு திரும்பக் கட்ட ஆசைப்படுபவர்கள் பலரும் இதில்தான் கைவைக்கிறார்கள். ஆசை நல்லதுதான். அதோடு சேர்ந்து வரும் சில நம்பிக்கைகள்தான் நல்ல பிளாக்குகளைப் பாழாக்குகின்றன.

“அந்தக் காலத்து இன்ஜினில் 300 குதிரைத்திறன் இருந்தது, பழைய நிலைக்குக் கொண்டுவந்தாலே போதும்” என்பது முதல் நம்பிக்கை. அந்த 300 அளக்கப்பட்ட விதமே வேறு. 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் விளம்பரப்படுத்தியது மொத்தக் குதிரைத்திறனை. ஏர் ஃபில்டர், சைலென்சர், ஃபேன், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் இல்லாமல் இன்ஜினை மேடையில் நிறுத்தி அளந்த எண் அது. வண்டியில் இருக்கிறபடியே அளக்கும் நிகரக் கணக்கு 1972-இல் வழக்கமானது. 1971-இல் செவ்ரோலெட் இரண்டையும் வெளியிட்டது. கார்வெட்டின் அடிப்படை 350 இன்ஜின் மொத்தக் கணக்கில் 270, நிகரக் கணக்கில் 210. இன்ஜின் ஒன்றே, எண்தான் இரண்டு. அதே 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் கம்ப்ரஷனையும் இறக்கியது. 1970-களின் நடுவில் பிக்கப்பில் வந்த 350-க்கு நிகரம் சுமார் 160 மட்டுமே. ஆகவே தொழிற்சாலை நிலைக்கே துல்லியமாகக் கட்டினாலும் கிடைக்கப்போவது அந்த 160தான்.

அடுத்தது, எல்லாப் பட்டறைகளிலும் கேட்கும் பேச்சு: “முப்பது தவ் போர் அடித்துவிட்டால் வண்டி பறக்கும்.” சிலிண்டரின் 4 அங்குல உள்விட்டத்தை (போர்) முப்பது தவ், அதாவது 0.030 அங்குலம் பெரிதாக்கினால் 350 கன அங்குலம் 355 ஆகும். கொள்ளளவில் ஒன்றரை சதவீதம். 160 குதிரைத்திறனில் ஒன்றரை சதவீதம் என்றால் இரண்டோ மூன்றோ. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

போர் அடிப்பது தேய்மானத்தைத் திருத்துவதற்கு. சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஹெட்டைக் கழற்றிவிட்டு, மேல் விளிம்பிலிருந்து உள்சுவரில் நகத்தை மெல்ல இறக்கிப் பாருங்கள், ஒரு படியில் தட்டும். மேல் ரிங் எட்டாத இடம் தேயாமல் நிற்பதால் வந்த படி அது. அதற்குச் சற்றுக் கீழே, வெப்பமும் அழுத்தமும் அதிகமாகவும் எண்ணெய் குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். கீழே போகப்போகக் குறையும். இப்படிச் சரிந்த சிலிண்டரில் “ரிங் மட்டும் மாற்றினால் போதும்” என்று புது ரிங்கைப் போட்டால், பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது விரிந்து சுருங்க வேண்டியிருக்கும். சரியாகப் படியாது, எண்ணெய் எரியும். போர் கேஜ் வைத்து அளந்து, தேவையான அளவுக்கு மட்டும் போர் அடித்து, ஹானிங் செய்வதுதான் முறை. அறுபது தவ் வரை போகத் துடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வார்ப்பில் சுவரின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. மீயொலிக் கருவியால் தடிமனை அளக்காமல் அவ்வளவு தூரம் போகக் கூடாது.

கொள்ளளவு உண்மையிலேயே வேண்டுமென்றால் ஸ்ட்ரோக்கைக் கூட்ட வேண்டும். 400 கன அங்குல இன்ஜினின் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கொண்ட கிராங்கை, மெயின் ஜர்னலை 2.65-இலிருந்து 2.45 அங்குலத்துக்குக் கடைந்து, முப்பது தவ் போர் அடித்த 350 பிளாக்கில் வைத்தால் 383. பாரம் இழுக்கும் வண்டிக்கு அருமையான சேர்க்கை இது, ஏனென்றால் லாபம் குறைந்த சுற்றிலேயே தொடங்கிவிடும். கனெக்டிங் ராட் கேமிலோ பிளாக்கின் அடி ஓரத்திலோ உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

சக்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சான்று. 1996-இல் இதே செவ்ரோலெட் பிக்கப்பில் ‘வோர்டெக்’ என்ற பெயரில் 350 இன்ஜின் வந்தது. போர் அதே 4 அங்குலம், ஸ்ட்ரோக் அதே 3.48. குதிரைத்திறனோ நிகரக் கணக்கில் 255. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், ரோலர் கேம், கூடிய கம்ப்ரஷன் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. என் கணிப்பில் பெரிய பங்கு ஹெட்டுக்குத்தான். 1970-களின் பல ஹெட்டுகளில் எரியறை 76 சிசி, காற்றுப் பாதையும் மந்தம். வோர்டெக் ஹெட்டில் எரியறை 64 சிசி, இன்டேக் பாதை நன்றாகத் திருத்தப்பட்டது. காற்று எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு பெட்ரோல்தான் எரியும். இந்த ஹெட்டைப் பழைய பிளாக்கில் அப்படியே பூட்டலாம். ஆனால் இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் அமைப்பு வேறு, அதற்கேற்ற மேனிஃபோல்டை வாங்க வேண்டும். கேமின் லிஃப்ட் சுமார் 0.470 அங்குலத்தைத் தாண்டினால், ஸ்பிரிங்கின் ரிடெய்னர் வால்வு கைடின் சீலில் போய் இடிக்கும். கைடின் தலையைக் கடையாமல் அதற்கு மேல் போக வழியில்லை.

“நாக்கிங் வராமலிருக்கத் தடித்த கேஸ்கட் போடு” என்பார்கள். பெரும்பாலும் எதிர்விளைவுதான். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தட்டைப் பகுதிக்கும் ஹெட்டுக்கும் இடையே சுமார் நாற்பது தவ் மட்டும் இருந்தால், அங்கே நசுங்கும் கலவை பீறிட்டு வந்து எரிதலை வேகப்படுத்தும். இடைவெளி கூடினால் அந்தக் கலக்கல் போய்விடும். கம்ப்ரஷன் குறைந்த பிறகும் நாக்கிங் வரலாம்.

“பெரிய கேம் போடு” என்ற அறிவுரைதான் அதிக வண்டிகளைக் கெடுத்திருக்கிறது. குதிரைத்திறன் என்பது பவுண்டு-அடியில் டார்க்கை நிமிடச் சுற்றால் பெருக்கி 5252-ஆல் வகுத்தது. சுற்றைக் கூட்டினால் எண் கூடும், உண்மை. பெரிய கேம் இன்டேக் வால்வை நெடுநேரம் திறந்து வைக்கிறது. வேகமாகச் சுற்றும்போது அதனால் லாபம். மெதுவாகச் சுற்றும்போது, மேலே ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் கொஞ்சத்தைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். 3.08 ரியர் ஆக்ஸில் உள்ள, கனமான பிக்கப் அந்த உயர்ந்த சுற்றை எட்டுவதே அரிது. சிக்னலில் நிற்கையில் கேட்கும் அந்தத் ‘தட தட’ ஓசையை ரசிக்கலாம்தான். ஆனால் இன்டேக்கின் வெற்றிடம் குறைந்துபோனதற்கான அறிகுறி அது. பவர் பிரேக்கின் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. பாரம் ஏற்றிய வண்டியில் பிரேக் பெடல் கல்லாக இறுகுவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

கார்புரேட்டரிலும் இதே கதை. 350 இன்ஜின் 5000 சுற்றில் முழுக்க முழுக்க நிரம்பினாலும் நிமிடத்துக்குச் சுமார் 506 கன அடி காற்று போதும். வழக்கமாக அதில் 85 சதவீதமே நிரம்பும், எனவே 430. அதற்கு 850 கன அடி கார்புரேட்டர் எதற்கு? பழசு என்று கழற்றி எறியப்படும் குவாட்ராஜெட்டின் கொள்திறனே 750. முன்னிரண்டு திறப்புகள் சின்னவை, சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் மிச்சம். பின்னிரண்டு பெரியவை, காற்றின் தேவைக்கேற்பத் திறப்பவை. சுத்தம் செய்து புது கேஸ்கட் போட்டால் போதும்.

உயர் ஆக்டேன் பெட்ரோல் தானாகச் சக்தி தராது. அது நாக்கிங்கைத் தாங்கும், அவ்வளவே. எக்ஸாஸ்டுக்கு எதிரழுத்தம் வேண்டும் என்பதும் தவறு. தேவை வாயுவின் வேகம், அதனால்தான் குழாய் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கக் கூடாது.

வேகத்தைவிட முக்கியமான வேலை மேசைமேல் நடக்கிறது. ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராக உள்ளே தள்ளி, இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். அங்குல போருக்கு நான்கு தவ் என்பது பொதுக்கணக்கு, 4 அங்குலத்துக்குப் பதினாறு தவ். குறைந்தால் முனையை அரத்தால் ஒரு திசையிலேயே ராவி, பிசிறு நீக்கி, மறுபடி அளக்க வேண்டும். இடைவெளி போதாத ரிங், சூட்டில் முனைகள் முட்டிச் சிலிண்டரைக் கீறிவிடும்.

கடைசியாக, “புது இன்ஜினை முதலில் ஐடிலில் மெதுவாக ஓடவிடு” என்பது. ஃபிளாட் டேப்பட் கேமுக்கு இது கொலை. கேமின் மேடு மிக நுட்பமாகச் சாய்ந்தும், லிஃப்டரின் அடி சற்றே குவிந்தும் இருப்பது லிஃப்டர் சுழல்வதற்காக. அந்த இடத்துக்குக் கிராங்க் தெறிக்கும் எண்ணெய்தான் உயிர், ஐடிலில் அது போதாது. ஸ்டார்ட் ஆனவுடன் 2000 சுற்றுக்கு மேல் ஏற்றி, ஏற்றி இறக்கி, இருபது முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். இன்றைய கார் எண்ணெய்களில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் முன்பைவிடக் குறைவு, ஆகவே இதற்கென்றே விற்கும் பிரேக்-இன் எண்ணெயை ஊற்றுங்கள். ஓட்டி முடித்ததும் எண்ணெயை வடித்து, ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் பொடி மிகுதியாக இருந்தால் வால்வு கவரைக் கழற்றி, எந்த ராக்கர் மற்றவற்றைவிடக் குறைவாக எழும்புகிறது என்று டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்க வேண்டியதுதான்.